அடுத்த ஒழுங்கையின் பிள்ளைகள்: கொழும்பு வடக்கில் ஒரு பங்கு இளையோர் குழுவின் அயற்பணி பற்றிய நிகழ்வு ஆய்வு

கொழும்பு வடக்கில், கொட்டாஞ்சேனைக்கும் முகத்துவாரத்துக்கும் இடையில் அமைந்த ஒரு கத்தோலிக்கப் பங்கின் இளையோர் ஒன்றியம், 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தனது ஆலயத்தைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் ஓர் உதவிப் பணியைத் தொடங்கியது. தொடங்கிய வடிவில் அது சில மாதங்களே நீடித்தது. பின்னர் அது முற்றிலும் வேறொரு பணியாக மாறி, இன்றும் நடைபெற்று வருகிறது. அந்த மாற்றம் எவ்வாறு ஏற்பட்டது, எது அதைக் கட்டாயமாக்கியது, இன்னும் தீராமல் இருப்பவை எவை என்பவற்றையே இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. குழுவினர், அவர்களை வழிநடத்தும் மூத்த பெண்மணி, உதவி பெற்ற குடும்பங்கள் சில, பங்குப் பேரவை உறுப்பினர்கள் ஆகியோருடனான உரையாடல்கள் இதற்கு அடிப்படையாக அமைந்தன. பங்கின் பெயரும் ஆட்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. குடும்பங்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

சொந்த ஊரில், சொந்தத் தெருவில் சேவை செய்வது எளிது என்ற எண்ணம் ஆலய வட்டாரங்களில் பரவலாக உண்டு. பயணச் செலவில்லை, மொழிச் சிக்கலில்லை, யாருக்கு என்ன தேவை என்பது முன்கூட்டியே தெரியும் என்பார்கள். இவற்றில் முதலாவது மட்டுமே இங்கு உண்மையாயிற்று. அருகாமை இந்தக் குழுவுக்கு முதலில் இடைஞ்சலாகவே வந்தது என்பதும், அந்த இடைஞ்சலுக்கு ஓர் ஒழுங்கு கண்ட பின்னரே அது அவர்களது பலமாயிற்று என்பதுமே எனது கணிப்பு.

இடமும் முன்கதையும்

கொழும்பு வடக்கின் இந்தப் பகுதி துறைமுகத்தையும் புறக்கோட்டையையும் நம்பி வாழ்வது. ஆண்களில் பலர் மூட்டை சுமக்கும் நாட்டாமிகளாகவும் முச்சக்கரவண்டிச் சாரதிகளாகவும் கடைச் சிப்பந்திகளாகவும் உழைக்கிறார்கள். பெண்களில் பலர் வீட்டு வேலைக்குப் போகிறார்கள் அல்லது வீட்டிலிருந்தே இடியப்பமும் சிற்றுண்டியும் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். தோட்டம் என்று அழைக்கப்படும் நெருக்கமான குடியிருப்புகளும், அவற்றிலிருந்து இடம்பெயர்க்கப்பட்டவர்களுக்காகக் கட்டப்பட்ட தொடர்மாடிகளும் அருகருகே நிற்கின்றன. ஒரே ஒழுங்கையில் கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள், பௌத்தர்கள் வாழ்வது இங்கு வழமை. ஜூன் 13 ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவுக்கு யார் போகிறார்கள் என்பதை வைத்து ஒருவரின் சமயத்தைத் தீர்மானிக்க முடியாத ஊர் இது.

ஆலய இளைஞர்கள் உதவிக்கு இறங்குவதும் இங்கு புதிதல்ல. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகள் நீரில் மூழ்கியபோது சமைத்த உணவுப் பொதிகள் போயின. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை ஆலயத்தில் குண்டு வெடித்ததற்குப் பின்னர், திருப்பலிகள் மீண்டும் ஆரம்பித்தபோது வாயிலில் நின்று பைகளைச் சோதித்தவர்களும் இதே வயதுப் பிள்ளைகள்தான். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து பரவிய கொரோனாத் தொற்றினால் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ் பகுதிகள் ஊரடங்கில் முடங்கியபோது அவர்கள் மருந்துச் சிட்டைகளைச் சேகரித்துக் கொடுத்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று: ஒவ்வொன்றும் ஓர் அனர்த்தத்துடன் தொடங்கி, அனர்த்தம் ஓய்ந்ததும் முடிந்தது. அனர்த்தம் வராத காலத்தில் அதே வீடுகளில் நிலைமை என்ன என்பதை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

உலர் உணவுப் பொதிகளின் காலம்

2022 ஆம் ஆண்டின் நெருக்கடி அனர்த்தமாகத் தொடங்கி, அனர்த்தம்போல முடியாமல் இழுபட்டது. ஏப்ரல் இறுதியில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரின் விலை கொழும்பில் 4,860 ரூபாவாயிற்று. எரிவாயு வாங்க முடியாதவர்கள் மண்ணெண்ணெய்க்குத் திரும்பினார்கள். ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தையும், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தையும் தொட்டன. நாட்கூலி வாங்கும் வீட்டில் இந்த எண்களுக்கு என்ன பொருள் என்பதை, பாணை அரை இறாத்தலாக வெட்டி விற்கத் தொடங்கிய பெட்டிக்கடைகள் சொல்லின.

குழு செய்த முதல் வேலை எல்லோரும் செய்வதுதான். அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, சோயா, பால்மா என்று பொதிகட்டி, ஞாயிறு திருப்பலிக்குப் பின்னர் ஆலய வளவில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். பெயர்ப் பட்டியல் பங்குப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் பங்கு மக்கள் பணம் அனுப்பினார்கள். அனுப்பியவர்களுக்குக் காட்டுவதற்காகப் படம் எடுக்கப்பட்டது. ஒரே அளவான மஞ்சள் ரீ-சேர்ட் அணிந்த பிள்ளைகள் வரிசையாக நின்று பொதியை நீட்ட, வாங்குபவர் கமராவைப் பார்க்க வேண்டியிருந்தது.

மூன்றாவது மாதத்திலிருந்து வரிசை குறையத் தொடங்கியது. தேவை குறைந்ததனால் அன்று. வராதவர்களின் வீடுகளுக்குப் பொதியைக் கொண்டுபோன இரண்டு யுவதிகளிடம், தையல் வேலை செய்யும் ஒரு தாய், “வாங்குறதுக்கு வெட்கமில்ல மகள், நான் வாங்குறத எதிர்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டு நிக்கிறதுதான் கஷ்டம்” என்று சொல்லியிருக்கிறார். மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம், கொடுக்கும்போது வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்று சொல்வதை இந்தப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள். கொடுப்பவரின் தற்பெருமைக்கு எதிரான அறிவுரையாகவே அதை அவர்கள் விளங்கியிருந்தார்கள். வாங்குபவரின் மானத்துக்கான பாதுகாப்பும் அதில் இருக்கிறது என்பது அந்த வாசற்படியில்தான் அவர்களுக்குத் தெரியவந்தது.

இன்னொன்றும் அந்த வீட்டு வருகைகளில் வெளிப்பட்டது. பொதியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் நேரத்தில் வீட்டுக்காரர் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டுவார். மின்சாரப் பட்டியல், கிளினிக் கொப்பி, கிராம உத்தியோகத்தர் கொடுத்த படிவம், பாடசாலையிலிருந்து வந்த கடிதம் என்று அது எதுவாகவும் இருக்கலாம். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல் என்பதே வேண்டுகோள். அரிசியை அவர்கள் எவரிடமும் வாய்விட்டுக் கேட்கவில்லை, இதைக் கேட்டார்கள்.

காகிதங்களும் கிளினிக் வரிசையும்

2022 இறுதியில் குழுவின் பொறுப்பை ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஏற்றுக்கொண்டார். பிள்ளைகள் அவரை அன்ரி என்றே அழைக்கிறார்கள். மாதாந்தப் பொதி வழங்கலை அவர் நத்தாருக்கும் தவக்காலத்துக்கும் மட்டுமாகச் சுருக்கி, மற்ற நாட்களில் இரண்டே வேலைகளைச் செய்யச் சொன்னார். ஒன்று, காகிதம் வாசித்தலும் எழுதுதலும். மற்றது, தனியே போகமுடியாத முதியவர்களையும் நோயாளிகளையும் கிளினிக்குக்கு அழைத்துப்போதல். இந்தச் சுருக்கம்தான் முழு நிகழ்வின் திருப்புமுனை என்பேன். பத்து வேலைகளைச் செய்ய ஆசைப்படும் இளையோர் குழுவிடம் இரண்டை மட்டும் செய்யச் சொல்வதற்கு ஒரு மூத்தவரின் அதிகாரம் தேவைப்பட்டது.

காகித வேலை 2023 ஆம் ஆண்டில் எதிர்பாராத அளவுக்குப் பெருகியது. அந்த ஆண்டு நடுப்பகுதியில் அரசாங்கம் வறிய குடும்பங்களுக்கு வழங்கிவந்த சமுர்த்திக் கொடுப்பனவுகளுக்குப் பதிலாக அஸ்வெசும நலன்புரித் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்துகள், வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 சுட்டிகளைக் கொண்டு குடும்பங்கள் புள்ளியிடப்பட்டு, நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டு, மாதம் 2,500 ரூபாவிலிருந்து 15,000 ரூபா வரை கொடுப்பனவு தீர்மானிக்கப்பட்டது. முதற்பட்டியல் வெளியானதும் நாடெங்கும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் குவிந்தன. பணம் வங்கிக் கணக்குக்கே வரும் என்பதனால் அதுவரை வங்கிப் பக்கமே போகாத பெண்கள் கணக்குத் திறக்க வேண்டியிருந்தது. குழுவினர் போய்ப்பார்த்த தொடர்மாடி வீடுகள் சிலவற்றில், பளிங்குத்தரை போட்ட தளமும் மின்மானியும் இருந்தன. வேலை இல்லை, கடன் இருந்தது. வீட்டின் சுவரைப் பார்த்தால் ஏழையாகத் தெரியாத குடும்பங்கள் அவை. அத்தகைய நிலைமையை மேன்முறையீட்டில் எப்படி எழுதுவது, எந்த ஆவணத்தை இணைப்பது என்பது சாதாரணக் கைங்கரியமல்ல.

இங்குதான் மொழி குறுக்கே வந்தது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. படிவங்கள் மூன்று மொழிகளிலும் அச்சிடப்படுகின்றன. கருமபீடத்தின் மறுபக்கத்திலிருந்து வரும் பதில் பெரும்பாலும் சிங்களத்திலேயே வருகிறது. கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் சிங்களம் பேசுவார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. பேசுவார்கள்தான், ஆனால் தமிழ் மொழிமூலம் படித்தவர்களில் பலருக்குச் சிங்கள அலுவலகக் கடிதத்தை வாசித்து முடிப்பது கடினம். மறுபுறத்தில், இதே பங்கின் தமிழ்க் குடும்பங்களிலிருந்து சிங்கள மொழிமூலப் பாடசாலைக்குப் போன பிள்ளைகள் சரளமாகச் சிங்களம் எழுதுவார்கள். பாட்டி தமிழில் சொல்வதைத் தமிழில் எழுதச் சொன்னால் தடுமாறுவார்கள். இளையோர் ஒன்றியத்தில் இந்த இரண்டு தரப்பும் பல காலமாகத் தனித்தனிக் கூட்டமாக, தமிழ்த் திருப்பலிக்கு ஒரு பாடகர் குழு, சிங்களத் திருப்பலிக்கு ஒரு பாடகர் குழு என்று இருந்தது. வேலையின் தேவையே அவர்களை இருவர் இருவராக இணைத்தது: தமிழ் எழுதும் ஒருவர், சிங்களம் எழுதும் ஒருவர். ஒற்றுமை பற்றி எத்தனையோ கருத்தரங்குகள் வைத்தும் நடக்காதது, ஒரு மேன்முறையீட்டுப் படிவத்தை முடிக்க வேண்டிய கட்டாயத்தில் நடந்தது என்று பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர் சற்றே கசப்புடன் கூறினார்.

கிளினிக் நாளின் ஒழுங்கை இங்கு விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் துணைக்குப் போதலாகத் தெரியும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு முன்னர் புறப்பட வேண்டும். முதல்நாள் மாலையே கிளினிக் கொப்பி, முந்தைய பரிசோதனை அறிக்கைகள், அடையாள அட்டை, மீதமுள்ள மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு பொலித்தீன் உறையில் போட்டுக் கதவின் பின்னால் தொங்கவிடச் செய்வார்கள். இருவரில் ஒருவர் முன்கூட்டியே போய் வரிசையில் நின்று இலக்கத் துண்டை எடுக்க, மற்றவர் முதியவரை முச்சக்கரவண்டியில் கூட்டிவருவார். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டியவர் என்றால், கொடுத்த பின்னர் சாப்பிட ஏதாவது கையில் இருக்க வேண்டும். நீரிழிவுக்காரர் பசியில் மயங்கினால் அன்றைய நாள் முழுவதும் போய்விடும். வைத்தியர் சொல்வதை அந்த இடத்திலேயே கொப்பியின் கடைசித் தாளில் தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும், ஏனெனில் வீட்டிலுள்ள மகன் மாலை ஏழு மணிக்கு வந்து கேட்கும்போது அம்மாவுக்கு எதுவும் நினைவிருக்காது. பின்னர் மருந்து வரிசை. வைத்தியசாலையில் இல்லாத மருந்து வெளியில் வாங்கச் சொல்லி எழுதப்பட்டிருந்தால் அதற்கு வேறொரு கணக்கு.

இந்த வரிசையில் நிற்பதற்குக் கூலி கொடுத்து ஆள் பிடிக்கும் பழக்கமும் உண்டு. நாட்கூலிக்குப் போகும் மகனோ மகளோ கிளினிக்குக்காக ஒரு நாளை இழப்பது, அந்த வாரத்துச் சமையலை இழப்பதற்குச் சமம். குழு உண்மையில் அந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்தது அந்த ஒரு நாள் சம்பளத்தைத்தான். எந்தப் பொதியிலும் கட்டிக் கொடுக்க முடியாத தொகை அது. கிளினிக் வேலையில் பழகிய பிள்ளைகள், நெஞ்சுவலி வந்தவரை முச்சக்கரவண்டியில் ஏற்றி அலையாமல் 1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் இலக்கத்தை உடனே அழைக்கவும் பழகினார்கள். அன்ரி கற்றுக்கொடுத்தவற்றில் இதுவே மிக முக்கியமானது என்று அவர்களில் ஒருவர் கருதுகிறார்.

ஒரு தகவல் கசிந்தபோது

2023 இன் பிற்பகுதியில் குழு கிட்டத்தட்டக் கலைந்துபோகும் நிலைக்கு வந்தது. ஒரு வீட்டின் மேன்முறையீட்டை எழுதிக்கொடுத்த யுவதி அதே ஒழுங்கையில், நான்கு வீடு தள்ளி வசிப்பவர். படிவத்தை நிரப்பும்போது அந்த வீட்டின் மூத்த மகள் பாடசாலையை விட்டு நின்றுவிட்டதும், நகைகள் அடகில் இருப்பதும் தெரியவந்தன. இரண்டு வாரங்களில் அந்தச் செய்தி தண்ணீர்க் குழாயடியில் பேசப்பட்டது. யுவதி எவரிடமும் சொல்லவில்லை என்கிறார். தன் தாயிடம் மட்டும், அதுவும் இரக்கப்பட்டுச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரத் தாய் ஆலய வாசலில் நின்று, பிறகு பங்குத்தந்தையிடம் போய், தன்னுடைய காகிதங்கள் எல்லாவற்றையும் திருப்பித்தருமாறு கேட்டார்.

இந்தச் சம்பவத்தை ஒரு தனிப்பட்ட பிள்ளையின் நாக்குத் தவறாகப் பார்த்து முடித்திருக்கலாம். பங்குப் பேரவையில் சிலர் அப்படித்தான் முடிக்க விரும்பினார்கள். அன்ரி அதற்கு உடன்படவில்லை. அவரது வாதம் எளிமையானது: சுவர் ஒன்றை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், பத்தொன்பது வயதுப் பிள்ளை தன் தாயிடம் எதையும் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ஆகவே பிள்ளையைத் திருத்துவதற்குப் பதிலாக ஏற்பாட்டைத் திருத்தினார். எவரும் தமது சொந்த ஒழுங்கையில் உள்ள வீட்டுக்குப் பொறுப்பாக இருக்கக்கூடாது. அடுத்த ஒழுங்கையே அவரது வேலை. நடந்துபோகும் தூரம், ஆனால் ஒரே குழாயடி அல்ல. குழுவுக்குள் இது அடுத்த ஒழுங்கை விதி என்று பெயர்பெற்றுவிட்டது.

இந்த விதியின் பயன் நான் எதிர்பார்த்ததைவிட ஆழமானது. உதவி கேட்பவரின் பக்கத்தில், முகம் தெரிந்த, ஆனால் தினமும் முகம் பார்க்க வேண்டியிராத பிள்ளையிடம் மனம்விட்டுப் பேசுவது இலகுவாயிற்று. உதவுபவரின் பக்கத்தில், பழைய சண்டைகள், வேலிப் பிரச்சினைகள், திரும்பாத கடன்கள் ஆகியவற்றின் சுமை இறங்கியது. சொந்த ஒழுங்கையில் யாரும் எந்தப் பிள்ளையையும் வெறும் உதவியாளராகப் பார்ப்பதில்லை. இன்னாரின் மகன், இன்னாரின் பேத்தி என்றே பார்க்கிறார்கள்.

கூடவே ஆவணங்கள் பற்றியும் ஒரு கட்டுப்பாடு வந்தது. அதுவரை அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி ஆகியவற்றின் படங்கள் குழுவின் வட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தன. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருப்பதைச் சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் எடுத்துச்சொல்ல, எல்லாப் படங்களும் அழிக்கப்பட்டன. ஒரு சட்டம் ஆலய இளையோர் குழுவின் தொலைபேசிகளுக்குள் எட்டியது சற்று வேடிக்கையாகத் தோன்றலாம்; ஆனால் வேறொருவரின் வங்கிப் புத்தகத்தின் படம் இருபது பிள்ளைகளின் கைகளில் இருப்பதில் வேடிக்கை எதுவுமில்லை. இப்போது அன்ரியிடம் ஒரேயொரு கொப்பி இருக்கிறது. அதில் வீட்டு இலக்கமோ பெயரோ இல்லை. ஒரு குறியெழுத்தும், செய்ய வேண்டிய காரியமும், செய்து முடித்த திகதியும் மட்டும் உண்டு.

1833 இல் பாரிஸில் பிரெடரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் டி போல் சபையின் ஆரம்ப நாட்களை இங்கு எண்ணிப்பார்ப்பது பொருத்தம். அவர்களிடமும் ஆர்வம் இருந்தது, விலாசங்கள் இருக்கவில்லை. மூஃப்தார் பகுதியின் ஏழைக் குடும்பங்களை நன்கறிந்த அருட்சகோதரி ரோசலி ரண்டு என்பவரே அவர்களுக்கு எந்த வீட்டுக்குப் போவது, எப்படிப் போவது என்று காட்டிக்கொடுத்தார். இருவர் இருவராக வீட்டுக்குச் செல்வதும், அங்கு கண்டதை இரகசியமாகக் காத்துக்கொள்வதும் அந்தச் சபையின் வழக்கமாக இன்றுவரை தொடர்கின்றன. கொழும்புக் குழு இவற்றை எந்த நூலிலிருந்தும் எடுக்கவில்லை. தாதிமார் விடுதியில் பயின்ற ஒரு பெண்மணியின் கண்டிப்பிலிருந்தும், குழாயடியில் பட்ட அவமானத்திலிருந்தும் அதே முடிவுகளுக்கு வந்தார்கள்.

சமயம், சட்டை, சந்தேகம்

கத்தோலிக்கர் அல்லாத வீடுகளுக்குப் போவது பற்றி ஆரம்பத்தில் இரு பக்கமும் தயக்கம் இருந்தது. உதவி என்ற பெயரில் மதமாற்றம் நடக்கிறது என்ற பேச்சு இந்து, பௌத்த அயலவர்களிடம் எளிதில் கிளம்பும். 2019 குண்டுவெடிப்பின் பின்னர் முஸ்லிம் வீட்டுக்குள் ஆலயப் பிள்ளைகள் போவதைப் பற்றிச் சொந்தப் பங்கிலேயே முணுமுணுத்தவர்கள் உண்டு. குழு இதைப் பற்றி அறிக்கை எதுவும் விடவில்லை. மஞ்சள் ரீ-சேர்ட் கைவிடப்பட்டது. துண்டுப்பிரசுரம், படம், செபமாலை எதுவும் கொண்டுபோகக்கூடாது. வீட்டார் கேட்டாலொழிய செபிக்கக்கூடாது. அவ்வளவுதான். இப்போது முஸ்லிம் தாய் ஒருவர் நோன்பு காலத்தில் குழுவுக்குக் கஞ்சி கொடுத்தனுப்புகிறார் என்பதை ஒரு சாதனையாக நான் எழுதத் தயாரில்லை. கஞ்சி கொடுப்பது அந்த ஒழுங்கையின் பழைய பழக்கம். 2019 க்குப் பின்னர் சில வருடங்கள் தடைப்பட்டிருந்த அது மீண்டும் தொடங்கியிருக்கிறது என்பது மட்டுமே தகவல்.

யார் வருகிறார்கள், யார் போகிறார்கள்

குழுவின் ஆளணி பரீட்சை நாட்காட்டியுடன் ஏறி இறங்குகிறது. சாதாரண தரமும் உயர்தரமும் நெருங்கும்போது ரியூசன் வகுப்புகள் எல்லா மாலைகளையும் விழுங்கிவிடும். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்து, பெறுபேற்றுக்கும் பின்னர் பல்கலைக்கழக அனுமதிக்கும் காத்திருப்பவர்களே குழுவின் முதுகெலும்பு. நாடு அந்தப் பிள்ளைகளின் வாழ்வில் வீணாக்கும் மாதங்களைத்தான் இந்த ஒழுங்கைகள் அறுவடை செய்கின்றன என்று சொன்னால் கடுமையாகத் தெரியலாம்; உண்மை அதுவே. வேலைநாளில் காலை ஐந்தரைக்கு வரக்கூடியவர்கள் வேறு எவரும் இல்லை.

யுவதிகளின் பங்கேற்புக்கு வேறொரு தடை இருந்தது. பெற்றோர் ஆலயத்துக்கு அனுப்புவார்கள். அறிமுகமில்லாத தோட்டத்துக்குள், போதைப்பொருள் விற்பனை பற்றிய பேச்சுள்ள இடத்துக்கு அனுப்பத் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. மாலை ஆறு மணிக்குப் பின்னர் வீட்டு வருகை இல்லை, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் ஆலய வளவிலிருந்தே காகித வேலை செய்வார்கள் என்ற இரண்டு முடிவுகளால் பெற்றோரின் சம்மதம் கிடைத்தது. அன்ரி ஒவ்வொரு வீட்டுக்கும் போய்த் தாய்மாருடன் தேநீர் குடித்தது அதைவிடக் கூடுதலாக உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டுப் பயணம் குழுவைத் தொடர்ந்து அரிக்கிறது. 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வேலைக்காக வெளிநாடு சென்றனர். குழுவை ஆரம்பித்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் இன்று வளைகுடாவிலும் இத்தாலியிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் முச்சக்கரவண்டிக் கூலிக்கும் வெளியில் வாங்கும் மருந்துக்கும் போகிறது. படம் அனுப்புவதில்லை என்ற முடிவை முதலில் குறைப்பட்டுக்கொண்டவர்களும் அவர்களே. தாம் முன்னர் செய்த வேலை என்பதால் பின்னர் புரிந்துகொண்டார்கள்.

பங்குப் பேரவையின் கேள்வி

ஆண்டறிக்கைக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி எழுகிறது: இந்த வருடம் எத்தனை குடும்பங்களுக்கு உதவினீர்கள்? திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்திய உலக வறியோர் தினம் 2017 முதல் ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் கொண்டாடப்படுகிறது. அந்த ஞாயிறன்று பொதி கொடுத்தால் எண்ணிக்கை சொல்லலாம், அறிவிப்புப் பலகையில் படம் ஒட்டலாம். ஒரு முதியவரை ஓர் ஆண்டு முழுவதும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனதை எண்ணிக்கையில் எழுதினால் அது ஒன்றுதான். இரகசியம் காக்கும் பணிக்கு விளம்பரம் இல்லை. விளம்பரம் இல்லாத பணிக்கு நிதியும் புதிய ஆட்களும் கிடைப்பது கடினம். இந்த முரண்பாட்டைக் குழு இன்னும் தீர்க்கவில்லை. தீர்க்கக்கூடியதா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. இப்போதைக்கு, முடிக்கப்பட்ட காரியங்களின் வகையை மட்டும், பெயர் குறிப்பிடாமல், பங்குத்தந்தையிடம் வாய்மொழியாகச் சொல்கிறார்கள்.

செய்ய முடியாதவற்றின் பட்டியலும் வளர்ந்திருக்கிறது. வட்டிக்காரரின் கடனுக்குள் சிக்கிய குடும்பத்துக்கு ஓர் இளைஞர் தன் சேமிப்பைக் கொடுத்தார். அது திரும்பவில்லை, அந்த வீட்டின் கதவும் அதன்பின் திறக்கவில்லை. அதிலிருந்து எந்த அங்கத்தவரும் பணம் கையாளக்கூடாது என்றாயிற்று. ஐஸ் போதைப்பொருள் பழக்கத்துக்கு ஆளான மகன் உள்ள வீடுகளில் குழு காகித வேலை தவிர வேறு எதிலும் தலையிடுவதில்லை; பிள்ளைகளுக்கு எதிரான வன்முறை என்று தெரிந்தால் 1929 என்ற தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கத்துக்கு அன்ரியே அழைப்பார். இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரத்தில் பல தடவை போக வேண்டிய நோயாளிகளை ஏற்க முடியாது என்று முடிவெடுத்தபோது குழுவுக்குள் கடும் வாக்குவாதம் நடந்தது. ஏற்றுக்கொண்டு நடுவில் கைவிடுவதைவிட முதலிலேயே மறுப்பது மேல் என்ற கருத்து ஒருபக்கம். யாருமில்லாத நோயாளியிடம் அதை எப்படிச் சொல்வது என்ற கேள்வி மறுபக்கம். முடிவு மாறவில்லை, ஆனால் இரண்டு பேர் குழுவுக்கு வெளியே, தமது சொந்தப் பொறுப்பில், ஒரு நோயாளியைக் கூட்டிப்போகிறார்கள் என்பதை அன்ரி அறிவார். கொப்பியில் அது எழுதப்படவில்லை.

அன்ரிக்கு இப்போது எழுபது வயதாகிறது. முழங்கால் வலியினால் படியேற முடிவதில்லை. அவரது இடத்துக்கு யார் வருவார் என்பது இந்தப் பணியின் மிகப் பெரிய திறந்த கேள்வி. முப்பது வயதை எட்டிய முன்னாள் அங்கத்தவர் இருவரை அவர் பழக்கி வருகிறார். ஒருவர் வங்கியில் வேலை செய்கிறார், மாலையில் மட்டுமே கிடைப்பார். மற்றவர் கனடாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார்.